செஞ்சலவைக்கற் குளியலறை

மனிதன் நாகரிகமடைந்த வரலாற்றை அவன் இயற்றிய நூல்களைக் கொண்டு ஆராய்வோர் உளர். அவன் எழுப்பிய கோயில்களைக் கொண்டு ஆராய்வோரும் உளர். அவன் குளித்த இடங்களைக் கொண்டு ஆராய்ந்தாலும் அவ்வரலாறு நன்கு புலப்படும் என்பது எம் கருத்து. சிந்துவெளியின் மொகெஞ்சதாரோ நகரில் ஏறக்குறைய நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, 12 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமுங் கொண்ட நீராட்டுக் குளமொன்றைச் செங்கல்லாற் கட்டி, நீர் கசியாதவாறு நிலக்கீல் பூசி வைத்தார்கள். அநுராதபுரத்து இரட்டைக் குளத்தை எம் மாணவர் பலர் சுற்றுலாவிற் கண்டிருப்பர். கி.பி. 216ஆம் ஆண்டளவில் உரோமாபுரியிற் கரகல்லா மன்னன் பெயரால் எழுந்த நீராட்டு மண்டபங்களிற் பல நாட்டுச் சலவைக்கற்கள் பதிக்கப்பட்டிருந்தன.

கூழ் குடிப்பவனும் குளித்துவிட்டே குடிக்கவேண்டும் என்று வற்புறுத்திய இனம் நம் இனம். ஆயினும், வீட்டுக்குள்ளே குளிப்பதற்கென்று ஓர் அறை அமைப்பது நம்மிற் பெரும்பாலாருக்குப் புதிய வழக்கமே. யாழ்ப்பாணத்தாருக்குக் கிணற்றடி, மட்டக்களப்பாருக்குக் குளக்கரை, மலைநாட்டாருக்குப் பீலிக்கரை. வானமே கூரை, காற்றே சுவர் என்று குளித்துப் பழகியவர்கள் நாம். இன்று வீடு கட்டுகின்ற குடும்பங்கள் குளியலறைக்கென ஒரு பகுதிப் பணத்தைத் தனியே எடுத்து வைக்கின்றன. நல்ல மாற்றந்தான். ஆனால் அந்தப் பணத்தை எதிலே செலவிடுவது என்ற வினா எழும்போதுதான் வீட்டிலே இரண்டு கட்சி உண்டாகின்றது.

அத்தகைய கட்சிச் சண்டையொன்று ஒரு கடித வடிவில் எம்மிடம் வந்துள்ளது. எழுதியவர் ஹற்றனுக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திற் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் மத்திய கிழக்கு நாடொன்றிற் கல் பதிக்கும் தொழில் செய்கின்றார். பெரிய ஹோட்டல்களின் குளியலறைகளுக்குக் கருஞ்சிவப்புச் சலவைக்கல் பதிப்பதே அவருடைய நாளாந்த வேலை. ஏழு பேர்ச் காணியில் எழுந்துவரும் தம் பெற்றோர் வீட்டிலும் அதே கல்லைத் தரையிலும் சுவரிலும் பதிக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. “ஊரார் குளிப்பதற்கெல்லாம் நான் பதிக்கின்றேன், என் தாய் குளிப்பதற்குப் பதிக்கக்கூடாதா?” என்று அவர் கேட்கின்றாராம். தாயாரோ, “எனக்கு வெந்நீரும் ஒரு கதவும் போதும்” என்கின்றாராம். தகப்பனார் நடுவே நின்று, எது சரியென்று எம்மைக் கேட்கின்றார்.

மகனுடைய ஆசையை வீண் ஆடம்பரம் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட எமக்கு மனம் வரவில்லை. தாயாருடைய சொல்லையும் சிக்கனம் என்று மட்டும் கொள்ள முடியவில்லை. இரண்டுக்கும் பின்னே நெடிய கதையொன்று இருக்கின்றது. அதைக் கூறுமுன் கல்லைப்பற்றிச் சில செய்திகளைக் கூறிவிடுவோம்.

கல்லின் கதை

சுண்ணாம்புக்கல் பூமியின் ஆழத்தில் வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உட்பட்டு மறுபடி பளிங்குருப் பெறும்போது சலவைக்கல் ஆகின்றது. கொழும்புக் கடைக்காரர் இதனை மாபிள் என்பர். தூய சலவைக்கல் வெண்மையானது. அதனுள்ளே கலந்துள்ள பிற பொருள்களே அதற்கு நிறங்கொடுக்கின்றன. சிவப்புக்குக் காரணம் இரும்பு. இன்னுந் தெளிவாகச் சொன்னால், இரும்பு துருப்பிடிப்பதால் உண்டாகும் ஒட்சைட்டு. நம் மலைநாட்டுச் செம்மண்ணுக்குச் சிவப்பைக் கொடுப்பதும் அதே இரும்புதான். தேயிலை மலையில் மழைநாளில் நடந்துவந்த பிள்ளையின் காலில் ஒட்டிய சேற்றுக்கும், செல்வர் மாளிகைச் சுவரில் மின்னும் கருஞ்சிவப்புக்கும் நிறத்தின் மூலம் ஒன்றே என்பதை மாணவர்கள் நினைவில் வைத்தல் நன்று.

கடைகளிற் சிவப்புச் சலவைக்கல் என்று விற்பனவெல்லாம் புவிச்சரிதவியலார் கண்ணிற் சலவைக்கல் ஆகா. நன்றாக மெருகேறக்கூடிய சுண்ணாம்புக்கல்லையும் வணிகர் அப்பெயராலேயே அழைப்பர். இத்தாலியின் இலிகூரியாப் பகுதியில் எடுக்கப்படும் ‘ரொசோ லெவாந்தோ’ என்ற கல் திராட்சை இரச நிறத்தில் வெண்ணரம்புகள் ஓடப்பெற்றது. கிரேக்க நாட்டின் தென்கோடியிலுள்ள மானிக் குடாநாட்டின் செங்கல்லை உரோமர் பெரிதும் விரும்பினர். பெல்ஜிய நாட்டின் ராஞ்ஸ் என்னும் ஊரின் செங்கல் பிரெஞ்சு அரசர்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. வெர்சாய் அரண்மனையின் புகழ்பெற்ற கண்ணாடி மண்டபத்திற் காணும் செந்நிறத் தூண்வரிசை இந்த ராஞ்ஸ் கல்லால் ஆனதே.

அதே அரண்மனையிலே பதினான்காம் லூயி மன்னன் 1670ஆம் ஆண்டுகளில் தனக்கென ஒரு குளியல் மாளிகை அமைத்தான். அதற்காக ராஞ்ஸ் செங்கல்லிலே, ஒரே பாறையைக் குடைந்து, எண்கோண வடிவிற் பெருந்தொட்டி ஒன்று செய்யப்பட்டது. அதன் அகலம் ஏறத்தாழ 3 மீற்றர். கருஞ்சிவப்புக் கல்லாற் குளியலறை அமைக்கும் ஆசைக்கு இதனிலும் பெரிய சான்று உலகில் இராது. ஆனால் அம்மாளிகை எத்தனை காலம் நிலைத்தது? 1685ஆம் ஆண்டளவில் அவ்வறைகள் அரசனுக்கு வேண்டியவளான மொந்தெஸ்பான் சீமாட்டியின் வாசத்துக்கென மாற்றப்பட்டுவிட்டன. 1750இல் அத்தொட்டி பொம்பதூர் சீமாட்டியின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது அது வெர்சாயிலே தோடைமரங்களைக் குளிர்காலத்தில் வைத்துக் காக்கும் மண்டபத்தில் நிற்கின்றது. பார்க்க வருவோர் வியக்கின்றனர், குளிப்பார்தாம் இல்லை.

நம் நாட்டிலே கருஞ்சிவப்புச் சலவைக்கல் இல்லை, வெண்ணிறமானது உண்டு. மாத்தளை, கண்டி மாவட்டங்களின் பளிங்குருச் சுண்ணாம்புக்கல்லும் டொலமைட்டும் நெடுங்காலமாக வெட்டி எடுக்கப்படுகின்றன. சூளையிலிட்டு நீற்றிச் சுவருக்குப் பூசியது போக, பொடியாக்கித் தேயிலைத் தோட்டங்களுக்கும் அனுப்பினர். தேயிலைச் செடி புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்புவது. மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பீ.எச். எண் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால் அதற்கு நலம். உரம் இட்டிட்டு மண் அளவுக்கு மீறிப் புளித்துவிட்டால், டொலமைட்டுத் தூளைத் தூவிச் சரிசெய்வார்கள். தோட்டத்திற் பிறந்து வளர்ந்த எவரும் அவ்வெண்டூள் மூட்டைகளைக் கண்டிருப்பர். சலவைக்கல்லுக்கு உடன்பிறந்த கல்லே அது. அமிலத்தைத் தின்று, தானும் கரைந்து போவது அதன் இயல்பு.

இந்த இயல்பை மறவாதிருத்தல் வேண்டும். வயலுக்கு நன்மை செய்யும் அதே குணமே குளியலறைக்குத் தீமையாய் முடிகின்றது.

பங்களாவும் பீலியும்

1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் மலைநாடு முழுவதும் தேயிலை மயமாயிற்று. 1885இல் புகையிரதப் பாதை நானுஓயாவை எட்டியது. தோட்டத்துரைமாரின் பங்களாக்கள் மலைமுகடுகளிலே காட்சி வாய்ந்த இடங்களில் எழுந்தன. தொழிலாளரின் லயங்கள் பள்ளங்களிலும் சரிவுகளிலும் வரிசை வரிசையாய் அமைந்தன.

பங்களாவின் குளியலறையை அக்காலத்தில் அமைத்த முறையைப் பாருங்கள். அதற்கு இரண்டு கதவுகள் இருக்கும். ஒன்று துரையின் படுக்கையறைக்குள் திறப்பது; மற்றது வெளிப்புறம் திறப்பது. அந்த வெளிக்கதவு வழியாகவே தண்ணீர் சுமப்பவரும் கழுவித் துடைப்பவரும் வந்து போயினர். சமையற்கட்டின் பின்னே விறகெரித்துக் காய்ச்சிய வெந்நீர் வாளி வாளியாக உள்ளே போயிற்று. துரை குளித்து முடித்தபின் அழுக்குநீர் வெளியே வந்தது. துரைக்கு வெந்நீர் எங்கிருந்து வருகின்றது என்று நினைக்கவேண்டிய தேவையிருக்கவில்லை. தண்ணீர் சுமந்தவருக்கோ உள்ளே நிற்கும் உரிமை இருக்கவில்லை. பின்னர்க் குழாயும் கொதிகலமும் வந்தன. காலுள்ள வார்ப்பிரும்புத் தொட்டிகளும் பீங்கான் பாத்திரங்களும் சீமையிலிருந்து வந்தன. இன்று அந்தப் பங்களாக்களிற் சில உல்லாசப் பயணிகளுக்கான விடுதிகளாகிவிட்டன. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த பழைய பங்களாக்களைத் திருத்தி 2005ஆம் ஆண்டிலே திறந்த விடுதிகளை உலகப் பத்திரிகைகள் புகழ்கின்றன. நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையிலே பழைய தேயிலைத் தொழிற்சாலையே 1996இல் ஹோட்டலாகிவிட்டது.

லயத்தின் கதை வேறு. 10 அடிக்கு 12 அடி என்னும் ஓர் அறை. முன்னே ஒரு சிறு திண்ணை. அதற்குள்ளே குடும்பம் முழுவதும். குளியலறை என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை. மலையூற்றை மூங்கிலாலோ குழாயாலோ திருப்பி விழச்செய்த பீலியே ஊருக்கெல்லாம் பொது. பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும் குளிப்பதும் அங்கேயே. ஆண்கள் வேலை முடிந்து மாலையிற் குளிக்கலாம். பெண்களோ, பிறர் கண்படுமுன் இருளிலே எழுந்து, பாவாடையை மார்புயரக் கட்டிக்கொண்டு, நடுங்கி நடுங்கிக் குளித்துவிட்டு, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு, பெரட்டுக்களத்துக்கு ஓடவேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆண்டின் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 16 பாகை செல்சியசு. தை, மாசி மாதங்களிற் புல்லின்மீது உறைபனி படிவதுண்டு. அந்த விடியலில் அந்த நீரிற் குளித்தவர்களுக்கு வெந்நீர் என்பது ஆடம்பரப் பொருளா? ஒரு கதவு என்பது சிறிய பொருளா?

இந்த நிலை முற்றாக மாறிவிட்டது என்று சொல்லும் காலம் இன்னும் வரவில்லை. தனிவீடுகள் எழுகின்றன. 2017ஆம் ஆண்டு மே மாதத்திற் பாரதப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்தபோது, முன்னர் ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளுக்கு மேலும் 10,000 வீடுகள் கட்டித்தரப்படும் என்று அறிவித்தார். அவ்வாறு ஏழு பேர்ச் காணியிலே தனிவீடு பெற்ற குடும்பங்கள் உண்டு. 2023ஆம் ஆண்டில் மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்தோம். ஆயினும் பீலிக்கரையிலே இன்றும் குளிப்பவர்கள் உண்டு. பொது மலசலகூடத்தின் முன்னே காத்து நிற்கும் மாணவிகளும் உண்டு. காலையிற் பாடசாலைக்குப் பிந்திவரும் மாணவியை ஏன் பிந்தினாய் என்று அதட்டுமுன், ஆசிரியர்களாகிய நாம் இதனை நினைத்தல் வேண்டும்.

இப்போது கடிதத்துக்கு வருவோம். இரண்டு கதவு வைத்த குளியலறைக்குள்ளே வெளிக்கதவு வழியாக மட்டும் நுழைந்த ஒரு சமூகத்தின் பிள்ளை, தன் வீட்டிலே அதனைவிடச் சிறந்ததொன்றைக் கட்டவேண்டும் என்று எண்ணுகின்றான். இதிலே வெட்கப்பட எதுவுமில்லை. தாயாரோ கதவும் வெந்நீரும் கேட்கின்றார். அவர் கேட்பது குறைந்த பொருளன்று. தம் வாழ்நாளிற் கிட்டாத பொருள். இருவரும் கேட்பது ஒன்றையே என்று எமக்குத் தோன்றுகின்றது. இனி, அந்த ஒன்றுக்குக் கருஞ்சிவப்புச் சலவைக்கல் எவ்வளவு உதவும் என்பதைப் பகுத்து ஆராய்வோம்.

நம் குளியலும் அந்தக் கல்லும்

முதலாவது, புளிப்பு. சலவைக்கல்லின்மீது எலுமிச்சஞ்சாறு விழுந்தால் அவ்விடத்தின் மெருகு உடனே மங்கிவிடும். அது கறையன்று, துடைத்தாற் போவதற்கு. கல்லின் மேற்றோலே கரைந்த வடு. வெளிர்ந்த கல்லில் அவ்வடு மறைந்திருக்கும். கருஞ்சிவப்பு மெருகிலோ வெண்தேமல் போலத் தோன்றும். மேனாட்டார் சவர்க்காரமும் நீரும் கொண்டு குளிப்பவர்கள். நாமோ எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, பொடுகுக்கு எலுமிச்சம்பழமும் தயிரும் பூசி, மஞ்சள் குளிப்பவர்கள். எண்ணெய் கல்லின் நுண்டுளைகளில் ஊறிக் கருமை படரச் செய்யும். மஞ்சளின் கறையைச் சொல்லவேண்டியதில்லை. மலசலகூடம் கழுவுவதற்கென்று கடையில் விற்கும் அமிலத் திரவங்கள் எல்லாவற்றிலும் கொடியவை. அவை தெறித்த இடத்தில் ஐந்து நிமிடத்தில் உண்டாகும் கேட்டை ஐந்து நாள் மெருகிட்டும் போக்குதல் அரிது.

இரண்டாவது, மென்மை. கனிப்பொருள்களின் கடினத்தை ஒன்று முதற் பத்துவரை எண்ணிட்டு அளப்பர். சலவைக்கல்லின் எண் மூன்று. மணற்குருணியின் எண் ஏழு. மலைப்பாதையில் நடந்துவந்த காலில் ஒட்டிய மணல் சலவைக்கற் றரையைக் கீறும் என்பது இதனால் விளங்கும். ஹோட்டலிலே விருந்தினர் பாதரட்சையோடு கம்பளத்தின்மேல் நடந்து குளியலறைக்கு வருவர். நம் வீட்டிலோ கொல்லையிலிருந்தே குளிக்க வருவோம்.

மூன்றாவது, குளிர்ச்சி. ஒரே அறையிற் கிடக்கும் பலகையும் கல்லும் ஒரே வெப்பநிலையிலேதான் இருக்கும். ஆயினும் பலகையைத் தொட்டாற் குளிர்வதில்லை. கல்லைத் தொட்டாற் குளிர்கின்றது. கல் நம் காலின் வெப்பத்தைப் பலகையைவிடப் பன்மடங்கு விரைவாக இழுத்துக்கொள்வதே இதற்குக் காரணம். பாலைவன நாட்டு ஹோட்டலிலே அந்தக் குளிர்ச்சி ஒரு சுகம். மார்கழி விடியலில் டிக்கோயாவிலே அது ஒரு தண்டனை.

நான்காவது, வழுக்கல். கண்ணாடிபோல மெருகிட்ட கல்லில் நீரும் சவர்க்காரமும் எண்ணெயும் சேர்ந்தால் வாலிபரே நிற்க முடியாது. கொழுந்துக்கூடை சுமந்து முப்பது நாற்பது ஆண்டுகள் மலையேறி இறங்கிய முழங்கால்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். முதியோர் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுவதற்குக் குளியலறையே பெரும்பாலும் களமாகின்றது.

ஐந்தாவது, பாரம். இதனை மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீற்றர்ப் பரப்பும் 2 சென்ரிமீற்றர்த் தடிப்புமுள்ள சலவைக்கற் பாளம் ஏறத்தாழ 54 கிலோகிராம் நிறையுடையது. 5 அடி அகலமும் 7 அடி நீளமுமான சிறு குளியலறை ஒன்றின் தரை 35 சதுர அடி. சுவரிலே 7 அடி உயரம்வரை பதித்தால், கதவு போக, ஏறத்தாழ 150 சதுர அடி. இரண்டுஞ் சேர்ந்து 17 சதுர மீற்றருக்குச் சற்று மேல். நிறை 930 கிலோகிராம் அளவில் வரும். ஒட்டும் சாந்தின் நிறை வேறு. சிறு வீட்டின் மெல்லிய தடுப்புச் சுவரில் ஏறத்தாழ முக்கால் தொன் கல்லைத் தொங்கவிடுமுன் பொறியியலாளர் ஒருவரைக் கேட்பது நன்று.

ஆறாவது, இருள். கருஞ்சிவப்பு ஒளியை விழுங்கும் நிறம். நூறு மின்விளக்கு எரியும் மாளிகையிலே அது கம்பீரம் தரும். மூடுபனி சூழ்ந்த மலைநாட்டிலே, ஒரு சிறு யன்னலுள்ள ஐந்தடி அறையிற் சுவர் முழுவதும் அதைப் பதித்தால், பகலிலும் விளக்கேற்றவேண்டி வரும். அறையும் உள்ளதிற் சிறிதாகத் தோன்றும்.

இந்த ஆறு குறைகளைச் சொன்னபின் அதன் சார்பாகவும் ஒன்று சொல்லவேண்டும். மலைநாட்டு நீர் பெரும்பாலும் மென்னீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறைக் கிணற்று நீர் கருநிறக் கல்லிற் காய்ந்தால் வெண்படலம் படியும். அதை நீக்கப் புளிப்பைத் தேய்த்தாற் கல்லே போய்விடும். ஆகையால் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு இக்கல் அறவே ஆகாது. ஹற்றனிலோ அந்தத் தொல்லை குறைவு.

எமது யோசனை

ஆகவே, முதலிற் செய்யவேண்டியது கல் வாங்குவதன்று. நீர் வரும் வழியும் நீர் போகும் வழியும் அமைப்பது. சரிவான காணியிலே குளித்த நீரை வீட்டின் பின்புறத்து மண்ணில் ஊறவிடுவது பெருந்தீங்கு; மண் நெகிழ்ந்து மலை சரிவதற்கு அது துணை செய்யும். மூடிய குழாயிற் கொண்டுபோய் உரிய காலிற் சேர்க்கவேண்டும். மலைநாட்டு மாவட்டங்களில் வீடு கட்டுமுன் மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்றைப் பெறுதல் வேண்டும் என்பதையும் நினைவூட்டுகின்றோம்.

அடுத்தது வெந்நீர். முழுத்தொட்டி நிறைய 150 லீற்றர் நீரை 16 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க நான்கு அலகு மின்சாரத்துக்கு மேல் வேண்டும். வாளியில் மொண்டு குளிப்பவருக்கு 20 லீற்றர் போதும். அதற்கு ஓர் அலகில் ஏறத்தாழ அரைப்பங்கே செலவாகும். எனவே தொட்டியை விடுத்து, தாயாருக்கு ஒரு நல்ல வாளியும், அமர்ந்து குளிக்கச் சிறு மேடையும், எழும்பும்போது பிடித்துக்கொள்ளச் சுவரிலே உறுதியான கைப்பிடியும் வைக்கவேண்டும். பிறகு வெளிச்சத்துக்கு உயரத்தில் ஒரு யன்னல். உட்புறந் தாழ்ப்பாளுள்ள ஒரு கதவு.

நிறத்துக்கு வருவோம். சிவப்புத்தான் வேண்டுமென்றால் நம் மூத்தோர் அறிந்த சிவப்பு ஒன்று உண்டு. பங்களாக்களிலும் பழைய பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் நாம் கண்டிருக்கின்ற சிவப்புச் சீமெந்துத் தரையே அது. சீமெந்தோடு இரும்பு ஒட்சைட்டுத் தூளைக் கலந்து, மணலும் சேர்த்துப் பூசி, கரண்டியால் அழுத்தி அழுத்தி மெருகேற்றி, ஒரு கிழமை ஈரங் காயாமற் காத்து, பின்னர் மெழுகிட்டுத் தேங்காய்மட்டையாலே தேய்ப்பார்கள். தூள், சீமெந்தின் நிறையிற் பத்திலொரு பங்குக்கு மேற் போகலாகாது; போனாற் சீமெந்தின் பலம் குன்றும். ராஞ்ஸ் செங்கல்லிலே பதினான்காம் லூயி கண்ட சிவப்பும் இந்தச் சிவப்பும் இரும்பின் ஒரே பொருளாலானவை. ஐரோப்பாவிலிருந்து கப்பலேற்றி வரவேண்டியதில்லை. ஆனால் நீர் விழும் பகுதியில் மெழுகிடாமல், பூச்சு இறுகுமுன் கயிறு வைத்து அழுத்திக் கோடு போட்டுவிட வேண்டும், கால் வழுக்காது. சீமெந்தும் கடும் அமிலத்தைத் தாங்காது என்பதால் கழுவுவதிற் கவனம் இதற்கும் வேண்டும். கல்லே வேண்டும், ஆனாற் புளிப்புக்கும் கீறலுக்கும் அஞ்சாத கல் வேண்டும் என்போர், கர்நாடகத்து இல்கல் போன்ற இந்தியச் செங்கருங்கல்லைத் தேடலாம். அதன் கடினம் சலவைக்கல்லைவிட மிகுதி. எலுமிச்சஞ்சாறு அதனை ஒன்றும் செய்யாது.

இவ்வளவும் சொன்னபின், அந்த மகனுக்கு ஒரு சொல். தம்பி, நீர் பதிக்கின்ற கல்லிலும் உமது கை பெரிது. தரைக்குச் சரிவு விடுவது, நீர் தேங்காமல் வாய்க்காலுக்கு ஓடச்செய்வது, சுவருக்குள் ஈரம் ஏறாமற் பூசுவது, மூலையும் விளிம்பும் பிசகாமற் பொருத்துவது ஆகிய இவையெல்லாம் உமக்குத் தெரியும். அந்த வித்தையைத் தாயின் குளியலறைக்குக் கொண்டுவாரும். ஆசைக்கென ஒரேயொரு கருஞ்சிவப்புப் பாளம் வாங்கி, நீரும் எண்ணெயும் தெறிக்காத இடத்தில், கைகழுவும் பாத்திரத்தின் மேலே கண்ணாடியைச் சூழப் பதியும். கண்ணாடி மெருகை விடுத்து மங்கல் மெருகைத் தேர்ந்துகொள்ளும். நுண்டுளைகளை அடைக்கும் பூச்சை இட்டு, ஆண்டுக்கொருமுறை அதனைப் புதுப்பியும். அந்த ஒரு பாளத்தைப் பார்க்கும்போதெல்லாம் மகன் எந்தத் தொழில் செய்து நம்மை வாழ்வித்தான் என்பதை உம் பெற்றோர் நினைப்பர். மிஞ்சும் பணத்திலே, பழைய லயத்தில் இன்னும் இருக்கும் உறவினர் வீட்டாருக்கு ஒரு மறைப்பும் கதவும் கட்டிக் கொடுக்க முடியுமானால், அதைச் செய்யும்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பாடசாலைக்கு அண்மையிலுள்ள லயமொன்றிலே எத்தனை குடும்பங்களுக்கு எத்தனை மலசலகூடங்கள், எத்தனை நீர்க்குழாய்கள், எத்தனை மறைவான குளியலிடங்கள் இருக்கின்றன என்று எண்ணி எழுதுங்கள். கணக்குப் பாடத்துக்கும் அது பயிற்சி. குடிமையியலுக்கும் அது பயிற்சி. அந்த எண்ணிக்கையை உங்கள் பிரதேச சபைக்கும் தோட்ட நிருவாகத்துக்கும் ஆசிரியர் வாயிலாக அனுப்புங்கள். எண்ணிக்கையோடு கேட்பவருக்கு மறுமொழி சொல்லாதிருப்பது எவருக்கும் கடினம்.